கணக்குக் காட்ட வேண்டிய கருணை

ஏழை எளியவர்களுக்கு உதவ விரும்பும் ஒருவர், சமூகப்பணியிலும் சமூகக் கொள்கையிலும் முனைவர் பட்டம் பெறுவதற்காக நான்கைந்து ஆண்டுகளைச் செலவிடுவது தகுமா? முதுகலைப் படிப்போடு களத்தில் இறங்கியவர்கள் இந்தக் கேள்வியைச் சற்றுக் கேலியாகவே கேட்பதுண்டு. பசித்தவனுக்குச் சோறு போட ஆய்வேடு எதற்கு என்பதே அந்தக் கேலியின் சாரம். கேலியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அதற்குப் பின்னால் அறவியலின் மிகப் பழைய கேள்வி ஒன்று நிற்கிறது. ஒரு நற்செயலின் நன்மை எங்கே இருக்கிறது? செய்பவரின் மனத்திலா, அதைப் பெற்றவரின் வாழ்விலா? மனத்தோடு அது முடிந்துவிடும் என்றால் ஆய்வுக்கு அங்கே வேலையே இல்லை. தூய எண்ணத்தோடு கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்கலாம். பெற்றவரின் வாழ்வில்தான் அது நிறைவேற வேண்டும் என்றால், கொடுத்த பிறகு என்ன நடந்தது என்று தேடிப் போகும் கடமை கொடுத்தவருக்கு உண்டு. அந்தத் தேடலும் கருணையின் ஒரு பகுதியே, அதைச் செய்ய மறுக்கும் கருணை பாதி வழியில் நின்றுவிட்ட கருணை என்பது என் வாதம். முனைவர் ஆய்வுக்கு அறத்தின் பார்வையில் ஒரு நியாயம் உண்டென்றால் அது இதுதான்.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிடைக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சமூக அறவியல் பேராசிரியராக இருந்த மருத்துவர் ரிச்சர்ட் கேபட், வறிய குடும்பத்துச் சிறுவர்கள் குற்றப் பாதையில் போகாமல் தடுக்க ஒரு பெரிய திட்டத்தை வகுத்தார். கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரண்டு ஊர்களிலும் 1939 முதல் 1945 வரை அது நடந்தது. வயது, குடும்பச் சூழல், குணம் ஆகியவற்றில் ஒத்த சிறுவர்களை இருவர் இருவராகச் சேர்த்து, நாணயம் சுண்டிப் பார்த்து, ஒருவனைத் திட்டத்தில் சேர்த்தார்கள்; மற்றவனை அவன் போக்கில் விட்டார்கள். சேர்க்கப்பட்ட சிறுவனுக்கு ஒரு சமூகப்பணியாளர் துணையாக வந்தார். மாதத்துக்குச் சராசரியாக இரண்டு முறை வீட்டுக்கு வந்து, குடும்பத்தின் சிக்கல்களில் பங்கெடுத்தார். பலருக்குத் தனிப்பாடம் சொல்லித்தரப்பட்டது. தேவைப்பட்டவர்களுக்கு மருத்துவமும் மனநலச் சிகிச்சையும் கிடைத்தன. கணிசமானோர் கோடை முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். சராசரியாக ஐந்தாண்டுகளுக்கு மேல் இந்தத் துணை நீடித்தது. இதைவிட அக்கறையான உதவியைக் கற்பனை செய்வதே கடினம்.

முப்பது ஆண்டுகள் கழித்து, ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடிப் போனார். ஸ்டான்ஃபோர்டில் சமூகவியலில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். திட்டத்துக்குள் 253 பேர், வெளியே 253 பேர் என 506 பேர். எல்லோரும் நடுவயதை எட்டிவிட்டவர்கள். நீதிமன்றப் பதிவுகள், மருத்துவமனைப் பதிவுகள், இறப்புப் பதிவுகள், நேரடிக் கேள்விகள் என எல்லா வழிகளிலும் விசாரித்து 1978-இல் முடிவை வெளியிட்டார். பதில் சொன்னவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அந்தத் திட்டம் தமக்கு உதவியது என்றார்கள். தங்களைக் கவனித்துக்கொண்டவர்களை அன்போடு நினைவுகூர்ந்தார்கள். ஆனால் பதிவுகள் வேறு கதை சொல்லின. உதவி பெற்றவர்களே ஒரு குற்றத்தோடு நிற்காமல் மறுபடியும் குற்றம் செய்வது கூடுதலாக இருந்தது. குடிக்கு அடிமையான அறிகுறிகள், கடுமையான மனநோய், மன அழுத்தம் சார்ந்த உடல்நோய்கள் ஆகியவையும் அவர்களிடமே மிகுந்திருந்தன. இறந்தவர்களை ஒப்பிட்டால் அவர்களே இளம் வயதில் இறந்திருந்தார்கள். எந்த அளவுகோலிலும் திட்டம் நன்மை செய்ததாகத் தெரியவில்லை. பல அளவுகோல்களில் அது கெடுத்திருந்தது. கோடை முகாம்களுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டவர்களிடம் அந்தக் கேடு அதிகமாக இருந்தது என்று 1999-இல் மெக்கார்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். தடம் மாறக்கூடிய சிறுவர்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்தபோது அவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டதே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இந்த விளைவை எந்தக் களப்பணியாளராலும் தன் அனுபவத்தைக் கொண்டு கண்டுபிடித்திருக்க முடியாது. ஐந்தாண்டு ஒரு சிறுவனோடு பழகியவர், அவன் நன்றாக வந்தால் தன் உழைப்பு பலித்தது என்பார். கெட்டுப்போனால் தன் உழைப்பையும் மீறிக் கெட்டான் என்பார். இரண்டு விளக்கங்களும் நேர்மையானவை. ஆனால் எந்த விளைவு வந்தாலும் அவருடைய நம்பிக்கைக்கு ஆபத்தில்லை. உதவி பெற்றவரின் நன்றியும் இங்கே சாட்சியாகாது. தனக்கு உதவி கிடைக்காமல் இருந்திருந்தால் தன் வாழ்வு எப்படிப் போயிருக்கும் என்பது அவருக்கும் தெரியாது. தன்மேல் அன்பு காட்டியவரை அவர் நன்றியோடு நினைப்பது இயல்பு. செய்யாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு விடை அந்த நாணயத்தைச் சுண்டியதில் மட்டுமே இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த மறுபாதியை எப்படியாவது கண்டறியும் முறைகளைக் கற்பதுதான் சமூகப்பணியில் முனைவர் பயிற்சியின் உள்ளீடு. மற்றபடி பட்டமளிப்பு அங்கியும் பெயருக்கு முன்னால் வரும் எழுத்தும் அறத்துக்குத் தொடர்பில்லாதவை.

இங்கே தத்துவவாதி ஒருவர் குறுக்கிடலாம். நல்ல சித்தம் எதையும் சாதிக்காமல் போனாலும் தன்னளவில் நல்லதே என்று 1785-இல் கான்ட் எழுதவில்லையா? பலனில் உனக்கு உரிமையில்லை, செயலில் மட்டுமே உரிமை என்று கீதையின் இரண்டாம் அத்தியாயம் சொல்லவில்லையா? நம் ஊரில் இரண்டாவது வாக்கியத்துக்குச் செல்வாக்கு அதிகம். அன்னதானம் முதல் அரசுத் திட்டம் வரை, விளைவைப் பற்றிக் கேட்டால் கடமையைச் செய்தோம் என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் கான்ட்டையும் கீதையையும் கவனமாகப் படித்தால் இந்தத் தப்பித்தலுக்கு அங்கே இடமில்லை. கான்ட் நல்ல சித்தத்தை வெறும் விருப்பத்திலிருந்து பிரிக்கிறார். நம் கைக்கு எட்டும் எல்லா வழிவகைகளையும் திரட்டி முயல்வதையே அவர் சித்தம் என்கிறார். விளைவை அறியும் வழி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது அதைத் தேடாதவரிடம் விருப்பம் இருக்கலாம். கான்ட் சொல்லும் சித்தம் இருப்பதாகச் சொல்ல முடியாது. கீதை துறக்கச் சொல்வதும் செய்பவர் தனக்கென எதிர்பார்க்கும் பலனை. பிறர்மேல் விழும் பலனைப் பற்றிக் கவலைப்படாதே என்று அது சொல்வதாகக் கொண்டால், மூன்றாம் அத்தியாயம் வலியுறுத்தும் உலக நலம் பொருளற்றதாகிவிடும். சரியாகப் பார்த்தால், தன் திட்டத்தைத் தானே சோதனைக்கு உட்படுத்தி, அது தோற்றது என்ற முடிவை வெளியிடுபவரே பலனில் பற்றில்லாதவர். வெற்றியின் புகழ் வேண்டும் என்பவரால் அந்தச் சோதனைக்குத் துணிய முடியாது.

தமிழ் மரபிலும் ஈகையும் அறிவும் ஒன்றையொன்று தேடிப் போகும் ஒரு கதை உண்டு. மணிமேகலை அமுதசுரபியை ஏந்திப் பசிப்பிணி தீர்க்கிறாள்; சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். காப்பியம் அங்கேயே முடிந்திருந்தாலும் அவள் போற்றத்தக்கவளாகவே நின்றிருப்பாள். சாத்தனார் அங்கே நிறுத்தவில்லை. அவளை வஞ்சிக்கு அனுப்பி, பல சமயவாதிகளின் கொள்கைகளை ஒவ்வொன்றாகக் கேட்க வைக்கிறார். பிறகு காஞ்சியில் பசித்தவர்களுக்கு உணவளித்த பின், அறவண அடிகளிடம் அவள் கற்பது அளவை நூல். எந்தச் சான்று செல்லும், எந்தச் சான்று போலி என்ற பாடம். வாசகர்கள் பலரும் இந்தப் பகுதிகளை வறட்சி என்று தாண்டிச் செல்கிறார்கள். ஆனால் கையில் அமுதசுரபியே இருப்பவளுக்கும் போலிச் சான்றை இனங்காணும் பயிற்சி தேவை என்று ஒரு பௌத்தக் கவி கருதியிருக்கிறார். கருணையையும் மெய்யறிவையும் இணைத்தே பேசும் பௌத்தத்துக்கு இது இயல்பான முடிவு.

சமூகப்பணி என்ற துறை இந்த இணைப்பை மெதுவாகத்தான் உணர்ந்தது. அமெரிக்க மருத்துவக் கல்வியைப் பற்றி 1910-இல் அறிக்கை எழுதிப் புகழ்பெற்ற ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர், 1915-இல் பால்டிமோரில் கூடிய அறப்பணியாளர் மாநாட்டில், சமூகப்பணி இன்னும் ஒரு தொழில்துறையாக ஆகவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டில் பென்சில்வேனியாவின் பிரின் மார் கல்லூரி, முனைவர் பட்டம் வரை செல்லும் சமூகப் பொருளாதார ஆய்வுத் துறையைத் தொடங்கியது. 1920-இல் சிகாகோ பல்கலைக்கழகம் சமூகப்பணிக் கல்விக்குத் தனிப் பள்ளியை ஏற்படுத்தியது. பின்னர் அதன் தலைவராக இருந்த ஈடித் அபட் பொருளாதாரத்தில் முனைவர். அவருடன் நின்ற சோஃபோனிஸ்பா பிரெக்கின்ரிட்ஜ் அரசியல் அறிவியலில் முனைவர். நல்ல உள்ளம் கொண்டவர்களுக்கு வீட்டுக்கு வீடு போகும் முறையைக் கற்றுக்கொடுத்தால் போதாது, சட்டத்தையும் புள்ளிவிவரத்தையும் அரசு நிர்வாகத்தையும் கற்பிக்க வேண்டும் என்பது இருவரின் நிலைப்பாடு. ஒரு குடும்பத்தின் வறுமை பல நேரங்களில் அந்தக் குடும்பத்துக்கு வெளியே, கூலிச் சட்டத்திலும் வாடகை ஒழுங்கிலும் உருவாகிறது என்பதால் அவர்கள் அப்படிச் சொன்னார்கள்.

இதற்கு எதிராக நம்மிடம் இருக்கும் மிகச் சிறந்த சான்று காமராஜர். பள்ளிப் படிப்பையே முடிக்காத அவருடைய ஆட்சியில் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. எம்.ஜி.ஆர். அதை 1982-இல் சத்துணவுத் திட்டமாக விரித்தார். நாடு முழுவதும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் உத்தரவிடும் நிலைக்கு அந்த முன்னோடி வழிவகுத்தது. காமராஜரும் எம்.ஜி.ஆரும் எந்த ஆய்வேட்டுக்கும் காத்திருக்கவில்லை. இதோடு வேறு இரண்டு பெயர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். 1889-இல் சிகாகோவில் ஹல் ஹவுஸ் இல்லத்தைத் தொடங்கி, 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ஜேன் ஆடம்ஸ் ஆய்வுப் பட்டம் எதற்கும் படித்தவரல்லர். சமூகக் கொள்கைப் படிப்பின் தந்தையாகக் கருதப்படும் ரிச்சர்ட் டிட்மஸ் காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தராக இருந்தவர்; பல்கலைக்கழகப் பட்டம் ஏதுமின்றியே 1950-இல் இலண்டன் பொருளியல் பள்ளியின் பேராசிரியரானார். பட்டமில்லாமலே இவ்வளவும் முடியும் என்றால் பட்டம் எதற்கு?

இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் பட்டம் தேவையில்லை என்ற அளவோடு அந்த உண்மை நின்றுவிடுகிறது. ஆராயும் ஒழுக்கமே தேவையில்லை என்று அது காட்டவில்லை. ஹல் ஹவுஸில் வாழ்ந்தவர்கள் தங்கள் சுற்றுப்புறத்தை வீடு வீடாக விசாரித்து, யார் எந்த நாட்டிலிருந்து வந்தவர், வாரக் கூலி எவ்வளவு என்று வண்ண வரைபடங்கள் தீட்டி 1895-இல் நூலாக வெளியிட்டார்கள். டிட்மஸ் 1970-இல் எழுதிய நூல் இரத்த தானத்தைப் பற்றியது. பிரிட்டனில் தானமாகப் பெற்ற இரத்தத்தையும் அமெரிக்காவில் விலைக்கு வாங்கிய இரத்தத்தையும் ஒப்பிட்டு, மஞ்சள் காமாலை பரவும் ஆபத்து விலைக்கு வாங்கியதிலேயே அதிகம் என்று அவர் காட்டினார். கொடையும் அவரிடம் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது, காட்டி வென்றது. ஆராய்ச்சி எப்போதும் ஈகைக்கு எதிராகவே தீர்ப்புச் சொல்லும் என்று அஞ்சத் தேவையில்லை. மதிய உணவின் நிலை சற்றே வேறு. பசித்த குழந்தை சாப்பிட்டது என்ற விளைவு அன்றே தட்டில் தெரிகிறது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை வருகைப் பதிவேட்டில் தெரிகிறது. தன் சான்றைத் தானே ஏந்தி வரும் உதவி அது. ஒரு சிறுவனின் வாழ்க்கைப் போக்கை மாற்றும் முயற்சியிலோ, குடிநோயாளி ஒருவரின் மீட்பிலோ, முதியோர் பராமரிப்பிலோ விளைவு பல ஆண்டுகள் தள்ளி, பல காரணங்களோடு பின்னி வருகிறது. அங்கே கண்ணும் நெஞ்சும் மட்டும் போதுவதில்லை.

ஆராய்ந்துகொண்டே இருந்தால் அதற்குள் மக்கள் சாவார்கள் என்பது அடுத்த மறுப்பு. வெள்ளத்தில் சிக்கியவரை மீட்க எந்த ஆய்வும் வேண்டாம். அங்கே தாமதமே குற்றம். ஆனால் கொள்கை என்பது ஒரு முறை நீளும் கை அல்ல. இலட்சக்கணக்கானோர் மேல், ஆண்டுக்கணக்கில், திரும்பத் திரும்ப நிகழும் செயல் அது. ஒரு தவறு அங்கே அத்தனை மடங்கு பெருகும். சிறைவாசிகளைக் கொண்டு சிறுவர்களை மிரட்டித் திருத்தும் முறை நியூ ஜெர்சியின் ராவே சிறையில் நடந்தது. 1978-இல் வெளிவந்த அதைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் விருது பெற்றது; பார்த்தவர்கள் பலரும் அந்த முறையின் பலனை நம்பினார்கள். ஜேம்ஸ் ஃபின்கனாவர் ஒப்பீட்டுக் குழுவோடு ஆராய்ந்து 1982-இல் வெளியிட்ட நூல், அதில் கலந்துகொண்டவர்களே பின்னால் அதிகம் தவறினார்கள் என்றது. அதுபோன்ற பல சோதனைகளைத் தொகுத்து 2002-இல் வந்த ஆய்வும் ஒன்றும் செய்யாமல் விட்டதைவிட இது கெடுதல் என்றே முடித்தது. அவசரத்தில் காப்பாற்றுவதாக நினைத்துச் செய்தது அந்தச் சிறுவர்களுக்குக் கேடாக முடிந்தது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு இன்னொன்று: துன்பப்படுபவரை ஆய்வுப் பொருளாக்குவதே அறமா? இதற்கு எளிய விடை இல்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் லாட் ஹம்ஃப்ரீஸ் என்ற மாணவர், பொதுக் கழிப்பறைகளில் மறைவாகச் சந்தித்துக்கொள்ளும் ஆண்களைப் பற்றி முனைவர் ஆய்வு செய்தார். காவலுக்கு நிற்பவர்போல அங்கே நின்று, அவர்களுடைய கார் எண்களைக் குறித்துக்கொண்டு, அதைக் கொண்டு முகவரி கண்டுபிடித்தார். ஓராண்டு கழித்து, தோற்றத்தை மாற்றிக்கொண்டு, உடல்நலக் கணக்கெடுப்பு என்ற பெயரில் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேட்டி எடுத்தார். 1970-இல் அது நூலாயிற்று. அவர்களில் பாதிக்கு மேல் மணமான சாதாரணக் குடும்பத்தவர்கள், அவர்களைக் காவல்துறை வேட்டையாடுவது வீண் என்பது அவர் முடிவு. நோக்கம் நல்லதுதான், ஆனால் யாரைக் காக்க எண்ணினாரோ அவர்களின் சம்மதமின்றி அவர்களையே அவர் பேராபத்தில் வைத்தார். களப்பணியாளரின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்று இதுவரை சொன்ன வாதம், ஆய்வாளரின் நல்லெண்ணத்துக்கும் அப்படியே பொருந்தும். அவரும் தணிக்கைக்கு உட்பட்டவரே. மனிதர்களை மதித்தல், நன்மை செய்தல், நீதி என்ற மூன்று நெறிகளை 1979-இன் பெல்மாண்ட் அறிக்கை வகுத்ததும், ஆய்வுக்கு முன் அறநெறிக் குழுவின் ஒப்புதல் கட்டாயமானதும் இந்தப் புரிதலால்தான்.

ஒப்பீட்டுக்காகப் பாதிப் பேருக்கு உதவியை மறுப்பது கொடுமையல்லவா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. விடை, நமக்கு எவ்வளவு தெரியும் என்பதைப் பொறுத்தது. டஸ்கீகியில் கிரந்திநோய் கண்ட கறுப்பின ஆண்களை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை 1932 முதல் 1972 வரை ஏமாற்றிக் கவனித்து வந்தது. நோய்க்குப் பெனிசிலின் மருந்தென்று உறுதியான பிறகும் அதைக் கொடுக்கவில்லை. அது ஆராய்ச்சி என்ற பெயரில் நடந்த குற்றம். கேம்பிரிட்ஜ்-சோமர்வில்லில் உதவி பலிக்குமா என்பது அன்று உண்மையிலேயே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நாணயம் தள்ளிவைத்த சிறுவர்களே கடைசியில் தப்பினார்கள். தெரிந்த நன்மையைப் பதுக்குவது பாவம். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டி ஊர் முழுக்கப் பரப்புவதும் அதே அளவு பொறுப்பின்மை.

முனைவர் பட்டங்கள் பலவும் பதவி உயர்வுக்கும் சம்பளப் படிக்கும் எழுதப்பட்டு நூலக அலமாரியில் தூசி தின்கின்றன என்ற புகாரை நான் மறுக்கவில்லை. அந்தப் புகார் ஆய்வுக்கு எதிரானதல்ல. கடனை அடைக்காத ஆய்வாளருக்கு எதிரானது. பிறர் துயரைக் கேட்டு எழுதிப் பட்டம் பெறுபவர் அந்தத் துயருக்குக் கடன்பட்டவர். ஆகவே இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்களிடம் மூன்றைக் கேட்கலாம். நீங்கள் நம்பும் திட்டம் தோற்கவும் வாய்ப்புள்ள கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். விடை முன்பே தெரிந்த கேள்விக்கு ஐந்தாண்டு தேவையில்லை. முடிவு எதிராக வந்தால் அதை மறைக்காமல் வெளியிடுங்கள். யாருடைய வாழ்வைக் கேட்டு எழுதினீர்களோ அவர்கள் படிக்கும் மொழியில், அவர்கள் கைக்கு எட்டும் வடிவில், கண்டதைத் திருப்பிக் கொடுங்கள். இந்த மூன்றுக்கும் மனம் ஒப்பவில்லை என்றால் அந்த ஆண்டுகளைக் களத்திலேயே செலவிடுவது நல்லது. ஒப்பினால், அந்த ஆண்டுகளும் சேவைதான்.